மட்டை வீச்சின் உச்சி நிலை

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மேற்கே மலையேறும் சாலை, பல கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கம்பம்மெட்டில் கேரள எல்லையை அடைகிறது. அதற்கு அப்பால் விரிந்து கிடப்பவை இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தின் ஏலமலைகள். காலைதோறும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் மலையேறும் தொழிலாளர் இத்தோட்டங்களில் களையெடுக்கின்றனர், குழி வெட்டுகின்றனர், செடியின் தூருக்கு மண் அணைக்கின்றனர். மண்வெட்டியை ஓங்கிய அந்த ஒரு கணத்தில் தொழிலாளியின் கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு ஆகியவை எந்நிலையில் உள்ளன என்று கூர்ந்து நோக்குவோமாயின், உடலியக்கத்தைப் பற்றிய ஒரு பாடத்தையே அங்குக் கற்கலாம்.

இதே மலைத்தொடரில், மூணாற்றிலும் கோடைக்கானலிலும், வேறொரு கருவியை ஓங்கி வீசும் விளையாட்டு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அதுவே கோல்ஃப். இந்தியாவின் மிகப் பழைய கோல்ஃப் கழகம் 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவப்பெற்றது. கோடைக்கானல் கழகம் 1895ஆம் ஆண்டில் தோன்றியது. மூணாற்றில் தேயிலைத் தோட்டத்தார் அமைத்த ஹைரேஞ்ச் மன்றத்துக்கும் ஒன்பது குழிகள் கொண்ட திடல் ஒன்று உண்டு. இவ்விளையாட்டு செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகிறது. எனினும், பிறர் மட்டைகளைச் சுமக்கும் பணியாளராக வாழ்க்கையைத் தொடங்கிய பெங்களூர் சி. முனியப்பா, 2009ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். அதே நகரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். மேலும், மனித உடலின் அசைவுகளுள் அறிவியலறிஞரால் மிக நுட்பமாக ஆராயப்பட்டவற்றுள் கோல்ஃப் வீச்சும் ஒன்று. மண்வெட்டிக்கும் கோல்ஃப் மட்டைக்கும் பொதுவாயுள்ளது யாது, வேறுபடுவது யாது என்பதை அறிந்தால், விளையாட்டு ஆசிரியருக்கும் தோட்டக் களப்பணியாளருக்கும் ஒருங்கே பயன் விளையும்.

உயரமா, முறுக்கா?

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது; அதன் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. இச்சிறு பந்தை நெடுந்தொலைவு செலுத்துவதற்கு உரிய 'டிரைவர்' மட்டையின் தலை ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ளது. தேர்ந்த தொழில்முறை வீரர் வீசும்போது அத்தலை வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பந்தைத் தாக்குகிறது. மட்டை பின்னோக்கிச் சென்று திரும்பும் இடத்தையே 'உச்சி நிலை' என்கிறோம்.

முதன்முதலாக மட்டையைக் கையிலெடுப்போர், "எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு பலம்" என்று கருதுவது இயல்பு. மண்வெட்டியைப் பொறுத்தவரை இக்கருத்தில் உண்மை உண்டு. 2 கிலோகிராம் எடையுள்ள மண்வெட்டியை 1.5 மீட்டர் உயர்த்தினால், அதில் ஏறத்தாழ 30 ஜூல் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. கீழே வரும்போது புவியீர்ப்பே அவ்வாற்றலைத் தொழிலாளிக்குத் திருப்பித் தருகிறது. அனுபவம் மிக்கவர் மண்வெட்டியை வலிந்து அடிக்காமல், அதனை விழவிட்டு வழிநடத்துவதன் நுட்பம் இதுவே.

கோல்ஃப் மட்டையின் கணக்கு வேறு. 200 கிராம் எடையுள்ள தலையை 2 மீட்டர் உயர்த்தினாலும் சேமிக்கப்படும் ஆற்றல் 4 ஜூல் மட்டுமே. ஆனால் வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்லும் அதே தலையின் இயக்க ஆற்றலோ 250 ஜூல். உயரம் தந்தது அதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை! எஞ்சியது முழுவதும் தசைகள் செய்த வேலை. வேலை என்பது விசையையும் அது செயற்படும் தொலைவையும் பெருக்கி வருவது என்பதை மாணவர் அறிவர். ஆகவே, மட்டையைப் பின்னே கொண்டு செல்வதன் நோக்கம் உயரம் அன்று. தசைகள் நன்கு இழுபட்ட நிலையிலிருந்து நெடுந்தொலைவுக்குத் தொடர்ந்து விசை செலுத்துமாறு உடலை முறுக்கி வைப்பதே அதன் நோக்கம். இந்த ஒன்றை உணர்ந்தால் உச்சி நிலையைப் பற்றிய ஏனைய செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

உடலின் நிலை

வலக்கைப் பழக்கம் உடையவரையே இங்கு எடுத்துக்கொள்வோம். இடக்கைப் பழக்கமுடையோர் இடம் வலமாக மாற்றிக் கொள்க.

உச்சி நிலையை ஆராய்பவர் கைகளிலிருந்து அன்று, கால்களிலிருந்தே தொடங்க வேண்டும். உடலின் அழுத்தம் வலப் பாதத்தின் உட்புறத்திலும் குதிகாலிலும் உணரப்படல் வேண்டும். பாதத்தின் வெளி விளிம்புக்கு அது நழுவுமாயின் உடல் திரும்பவில்லை, பக்கவாட்டில் சரிந்துவிட்டது என்று பொருள். வலமுழங்கால் தொடக்கத்தில் கொண்டிருந்த மடிப்பை ஓரளவு இழக்கலாம். ஆனால் விறைத்துப் பூட்டிக்கொள்ளலாகாது.

அடுத்து இடுப்பும் தோளும். நல்ல உச்சி நிலையில் தோள்கள் தொடக்க நிலையிலிருந்து ஏறத்தாழ 90 பாகையும், இடுப்பு ஏறத்தாழ 45 பாகையும் திரும்பியிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே உடலில் ஏறிய முறுக்கு.

இந்த 90 பாகை எங்கிருந்து வருகிறது என்பது ஆசிரியர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி. கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கமாக ஏறத்தாழ 10 பாகை அளவே திரும்ப வல்லவை. அவற்றின் மூட்டுகள் குனியவும் நிமிரவும் ஏற்றவையேயன்றி முறுக்குவதற்கு ஏற்றவை அல்ல. விலா எலும்புகளைத் தாங்கும் மேல்முதுகு ஏறத்தாழ 35 பாகை திரும்பும். எஞ்சிய 45 பாகையையும் இடுப்பு மூட்டுகளும் முழங்கால்களும் கணுக்கால்களுமே தருதல் வேண்டும். "இடுப்பை அசைக்காதே, தோளை மட்டும் திருப்பு" என்று மாணவனுக்குக் கட்டளையிட்டால், அந்த 45 பாகையில் ஒரு பகுதியைக் கீழ்முதுகிடம் கேட்கிறோம். அஃது அதனால் தர இயலாதது. கோல்ஃப் ஆடுவோருக்கு நேரும் உடற்கேடுகளுள் கீழ்முதுகு வலி முன்னிற்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் நலம்.

முதுகெலும்பு சற்றே முன்சாய்ந்திருப்பதால், தோள்கள் தரைக்கு இணையாகச் சுழல்வதில்லை. முதுகெலும்பை அச்சாகக் கொண்டே சுழல்கின்றன. எனவே உச்சி நிலையில் இடத்தோள் தாழ்ந்து மோவாய்க்குக் கீழ் வந்து சேரும். உடல் இலக்கை நோக்கி இடப்புறமாகச் சாய்ந்து வில்போல் வளைந்து நிற்குமாயின் அது பெருங்குற்றம். அவ்வளைவிலிருந்து வேகமாகத் திரும்பும்போது கீழ்முதுகின் மூட்டுகள் ஒரு பக்கமாக நெருக்குண்கின்றன.

கைகளும் மணிக்கட்டும்

உடல் முறுக்கிச் சேமித்ததை மட்டைக்குக் கொண்டு சேர்ப்பவை கைகள். உச்சி நிலையில் இடக்கை நீண்டிருத்தல் வேண்டும்; விறைத்திருக்க வேண்டுவதில்லை. வலமுழங்கை மடங்கி, ஏறத்தாழ தரையை நோக்கி நிற்கும். மணிக்கட்டுகள் மடிந்து, இடக்கைக்கும் மட்டைத் தண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு செங்கோணம் அமையும்.

இச்செங்கோணத்தின் பயன் யாது? 1960களில் பிரிட்டனில் நடைபெற்ற விரிவான ஆராய்ச்சியின் முடிவுகளை அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் ஆகிய இருவரும் 1968ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். கைகள் ஒரு நெம்புகோல், மட்டை மற்றொரு நெம்புகோல், மணிக்கட்டு இவ்விரண்டையும் இணைக்கும் கீல் என்று அவர்கள் வீச்சை எளிமைப்படுத்திக் காட்டினர். இயற்பியலார் இவ்வமைப்பை இரட்டை ஊசல் என்பர்.

இரட்டை ஊசலைக் காண ஆய்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை, ஆற்றங்கரைக்குச் சென்றாற்போதும். சலவைத் தொழிலாளி நனைந்த துணியைத் தலைக்குமேல் சுழற்றிக் கல்லில் அடிக்கும்போது, கை முன்னே வந்துவிடும். துணி பின்தங்கி வரும். கை தாழ்ந்து வேகம் தணியும் கணத்தில் துணியின் நுனி சீறிப் பாய்ந்து கல்லில் அறைகிறது. துணி முதலிலேயே நீண்டுவிட்டால் அந்த ஓசை எழாது. கோல்ஃப் மட்டையும் அவ்வாறே. உச்சியில் அமைந்த செங்கோணத்தைக் கீழ்வீச்சின் முற்பாதியில் காத்துக்கொண்டால், மட்டையின் தலை சுழல் அச்சுக்கு அருகில் இருக்கும். உடல் அதனை எளிதாகச் சுழற்றும். பிற்பாதியில், வெளிநோக்கித் தள்ளும் விளைவினால் கோணம் தானே விரிந்து, தலை கைகளை முந்துகிறது. உச்சியிலிருந்தே மணிக்கட்டை உதறிக் கோணத்தை விரித்துவிடுபவர், பந்தை அடையுமுன்னரே தம் வேகத்தைச் செலவிட்டவர் ஆகிறார்.

மட்டையின் திசையும் முகமும்

நீண்ட மட்டையை முழுமையாக வீசும்போது, உச்சியில் தண்டு தரைக்கு ஏறத்தாழ இணையாக நின்று இலக்கின் திசையைக் காட்டும். அஃது இலக்குக்கு வலப்புறம் நோக்கினால், மட்டை வேண்டிய தளத்தைக் கடந்து சென்றது என அறியலாம். தரைக்கு இணையாகும் அளவு செல்லாத குறுகிய வீச்சில் தண்டு சற்றே இடப்புறம் நோக்குவது இயல்பே. அதனைக் குற்றமெனக் கொள்ளலாகாது.

இதனினும் முக்கியமானது மட்டை முகத்தின் நிலை. இதனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இட மணிக்கட்டு. புறங்கையும் முன்கையும் ஒரே தட்டையாய் இருந்தால், முகம் முன்கைக்கு இணையாக அமையும். மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக ஒடிந்து குழிந்தால் முகம் திறந்துகொள்ளும். பந்து வலப்புறம் செல்ல முற்படும். உள்ளங்கைப் பக்கமாக வளைந்தால் முகம் மூடும். பந்து இடப்புறம் செல்ல முற்படும்.

பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் காலம் ஏறத்தாழ 2000இல் ஒரு பங்கு வினாடி. அந்நேரத்தில் எதையும் திருத்த இயலாது. பந்து வேண்டிய திசையினின்று 2 பாகை விலகிப் புறப்பட்டால், 200 மீட்டர் தொலைவில் அது 7 மீட்டர் தள்ளி விழும். சுழற்சியால் வளையும் அளவு இதற்கு மேற்பட்டது. எனவே முகத்தின் பிழையை அவசரமற்ற உச்சி நிலையிலேயே கண்டறிந்து கொள்வது அறிவுடைமை.

உச்சியில் ஓய்வு உண்டா?

பாடநூற் படங்களில் வீரர் சிலைபோல் நிற்கக் காண்கிறோம். படம் அவ்வாறு காட்டுமேயன்றி உடல் அவ்வாறு நிற்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்டன் 1930களில் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கைக் கொண்டு கோல்ஃப் வீச்சைப் படமெடுத்தபோது, கண்ணுக்குப் புலனாகாத இடைநிலைகள் உலகுக்குத் தெரியவந்தன. பிற்காலக் கருவிகள் இதனை மேலும் தெளிவாக்கின. தேர்ந்த வீரரின் பின்வீச்சுக்கு ஏறத்தாழ முக்கால் வினாடி பிடிக்கும். கீழ்வீச்சுக்குக் கால் வினாடியே. மட்டை இன்னும் பின்னோக்கிச் சென்றுகொண்டிருக்கும்போதே இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் மார்பு, பின்னர்க் கை, இறுதியில் மட்டை என்ற வரிசையில் ஒவ்வொன்றும் தன் உச்ச வேகத்தை அடைகிறது.

இஃது ஏன்? உயரத் தாண்டுபவன் முதலில் விரைந்து முழங்காலை மடக்கிப் பின் எழுகிறான். இழுபட்ட உடனே சுருங்கும் தசை, ஓய்விலிருந்து சுருங்கும் தசையைவிட மிகுந்த விசை தரும். கீழுடல் முன்னே திரும்ப, மேலுடல் இன்னும் பின்னே செல்லும் அந்தக் குறுகிய வேளையில், இடைப்பட்ட தசைகள் கடைசியாக ஒருமுறை இழுபடுகின்றன. உச்சி நிலை என்பது நின்று காட்டும் தோரணை அன்று. கீழ்வீச்சு பிறக்கும் திருப்பம் என்பதை இதனால் உணரலாம்.

எல்லோருக்கும் ஒரே வடிவமா?

மேற்கூறிய அளவுகள் வழிகாட்டிகளேயன்றிச் சட்டங்கள் அல்ல. அமெரிக்க வீரர் ஜிம் ஃப்யூரிக், மட்டையைச் செங்குத்தாக உயர்த்தி, ஒரு வளையம் வரைந்தாற்போல் கீழே கொண்டுவருவார். அவ்வீச்சைக் கொண்டே 2003இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். 2016இல் தொழில்முறைப் போட்டியொன்றின் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். டஸ்டின் ஜான்சனின் இட மணிக்கட்டு உச்சியில் உள்ளங்கைப் பக்கமாக மிகவும் வளைந்திருக்கும். முகம் மூடியிருப்பதால் பந்து இடப்புறம் ஓடாதவாறு, உடலை மிக விரைவாகத் திருப்பி அவர் ஈடு செய்கிறார். அவர் 2016இல் அமெரிக்க ஓப்பனையும் 2020இல் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் வென்றவர். ஸ்பெயின் நாட்டு ஜான் ராம் பிறவியிலேயே வலப் பாதம் வளைந்து பிறந்தவர். அக்கணுக்கால் முழுமையாக அசையாமையால் அவருடைய பின்வீச்சு குறுகியது. 2021இல் அமெரிக்க ஓப்பனும் 2023இல் மாஸ்டர்ஸும் அவர் வசமாயின.

இவர்கள் மூவரின் படங்களையும் அருகருகே வைத்தால் மட்டையின் நிலையில் ஒற்றுமை காண்பது அரிது. ஆயினும் மூவரும் நன்கு திரும்புகின்றனர். மூவரின் கீழுடலும் முதலில் தொடங்குகிறது. மூவரும் பந்தைத் தொடும் வேளையில் முகத்தை நேராக்குகின்றனர். உடலின் அமைப்புக்கேற்ப மட்டை செல்லுமிடம் மாறலாம். முறுக்கும் வரிசையும் மாறுவதில்லை. கணுக்கால் இறுகிய மாணவனை ஒரு படத்தைக் காட்டி "இதுபோல் நில்" என வற்புறுத்தும் ஆசிரியர், அவனுடைய முதுகையே வளைக்கிறார்.

செய்து பார்க்க நான்கு சோதனைகள்

இவற்றுக்குக் கோல்ஃப் மட்டை தேவையில்லை. ஒரு மூங்கிற் கழியும் ஓர் அளவுகோலும் போதும்.

முதலாவது: மாணவனை நாற்காலியில் அமர்த்தி, கழியைத் தோள்களின் மேல் குறுக்காக வைத்துப் பிடிக்கச் செய்க. தரையில் சுண்ணக்கட்டியால் 45, 90 பாகைக் கோடுகளை வரைக. இடுப்பு அசையாதவாறு அவன் மெல்லத் திரும்பட்டும். பெரும்பாலோர் 45 பாகைக் கோட்டின் அருகில் நின்றுவிடுவர். பின்னர் எழுந்து நின்று, இடுப்பையும் திரும்பவிட்டால் 90 பாகையை அணுகுவர். முதுகின் பங்கும் கால்களின் பங்கும் இதனால் கண்கூடாகும். இயலாதவர் இடக்குதிகாலைச் சற்றே உயர்த்திக்கொள்ளட்டும். பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லஸும் அவ்வாறு உயர்த்தி ஆடியவர்களே.

இரண்டாவது: கழியை ஓங்கி உச்சியில் நிற்கும் மாணவனின் இடப் புறங்கைமீதும் முன்கைமீதும் அளவுகோலைப் படியவைக்க. இடைவெளியின்றிப் படிந்தால் மணிக்கட்டு தட்டை. மணிக்கட்டின் மேல் இடைவெளி தெரிந்தால் குழிந்துள்ளது. மணிக்கட்டு மேடாகி அளவுகோல் ஆடினால் வளைந்துள்ளது.

மூன்றாவது: இரு குச்சிகளின் முனைகளைக் கயிற்றால் தளர்வாக இணைத்து, ஒன்றைப் பிடித்து வீசுக. பிடித்த குச்சி முன்செல்ல, மற்றது பின்தங்கி இறுதியில் முந்துவதை மாணவர் காண்பர். சுற்றிலும் நிற்போர் விலகியிருத்தல் அவசியம்.

நான்காவது: கைப்பேசியின் மெதுவோட்டப் படப்பிடிப்பில் வினாடிக்கு 240 படங்கள் கிடைக்குமாயின், கால் வினாடிக் கீழ்வீச்சு 60 படங்களாக விரியும். வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் சாதாரண முறையில் ஏழெட்டுப் படங்களே தேறும். முதலில் அசைவது இடுப்பா, தோளா, கையா என்பதைப் படம் படமாக நகர்த்திக் குறித்துக்கொள்க.

தோட்டத்துக்கு உரிய பாடம்

கோல்ஃப் மட்டைக்கு ஏற்ற முறுக்கை மண்வெட்டிக்கு அப்படியே பொருத்தலாகாது. மண்வெட்டி பெரும்பாலும் உடலுக்கு முன்னே மேலும் கீழுமாக இயங்குவது. அதன் பாரமும் மிகுதி. ஆயினும் முதுகைப் பற்றிய விதி இரண்டுக்கும் ஒன்றே. வெட்டிய மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும்போதும், ஏலக்காய்ச் சுமையைத் தூக்கித் திரும்பும்போதும், கால்களை ஊன்றியவாறே இடைக்கு மேல் மட்டும் திருகுவது பலரது வழக்கம். கீழ்முதுகுக்கு உரிய 10 பாகை அதற்குப் போதாது. பாதங்களைப் பெயர்த்து வைத்து இடுப்போடு திரும்பினால், அவ்வேலையை இடுப்பு மூட்டுகள் ஏற்றுக்கொள்ளும். சரிவான நிலத்தில் கால் பெயர்க்கச் சோம்பல் தோன்றுவது இயல்பே. ஆனால் நாள் முழுதும் பல நூறு முறை திருகும் முதுகு அதற்குரிய விலையைப் பின்னாளில் கொடுக்க நேரிடும்.

களப்பணியாளர் இதனைச் சொல்லால் விளக்குவதைவிட, நாற்காலிச் சோதனையைத் தொழிலாளர் முன்னிலையில் செய்துகாட்டுவது சிறப்பு. ஆசிரியர்கள் தம் மாணவரின் வீச்சை ஆராயும்போது பாதம், இடுப்பு, தோள், மணிக்கட்டு, மட்டை என்ற வரிசையிலேயே நோக்குவார்களாக. கையில் காணும் குற்றத்தின் வேர் பெரும்பாலும் காலில் இருக்கும். அதைக் கண்டு திருத்தினால் கை தானே திருந்துவதை அவர்கள் விரைவில் காண்பர்.